இடுப்பளவு வெள்ளம்

அளவீட்டு ஆணையத்தார் ரொட்டிக் கடைக்குள் நுழைந்தபோது வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. தெருநாய்கூட நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு கடை மேசைக்கு அடியில் வந்து படுத்திருந்தது. உள்ளே வந்த மூன்று பேரும் வாசற்படியைத் தாண்டியதும் நின்றார்கள். குனிந்து கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டார்கள். மூன்றாவது ஆள் செருப்பைக் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டார்.

ரொட்டிக்காரர் மாவுக் கையோடு அப்படியே நின்றார். மனைவி தரையைக் கழுவி விட்டிருக்கிறாளோ என்று கீழே பார்த்தார். தரை காய்ந்துபோய்த்தான் கிடந்தது. பிறகுதான் செருப்பைத் தூக்கிக்கொண்டு நிற்பது தன் மச்சான் என்று கண்டுகொண்டார். மனைவியின் தம்பி, மாகாண நிதித்துறையில் எழுத்தர். அக்கா வீட்டுக்கு வந்தால் உரிமையோடு நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொள்கிறவன், இன்றைக்கு யாரோபோல நின்றான்.

"உங்கள் கடை நேற்றுக் காலையிலிருந்து வெள்ளத்தில் இருக்கிறது" என்றார் முன்னால் நின்றவர். அவர்தான் தலைவர்.

"எங்க கடையா?"

"உங்கள் கடையேதான்."

"எவ்வளவு தண்ணி சார்?"

"இடுப்பளவு."

ரொட்டிக்காரர் தன் இடுப்பைப் பார்த்துக்கொண்டார். அங்கே மாவு அப்பிய பழைய துண்டு ஒன்றுதான் இருந்தது. "உட்காருங்க" என்றார். அவர்கள் உட்காரவில்லை. தலைவர் வாடிக்கையாளர்கள் உட்காரும் கல் பெஞ்சின்மேல் ஏறி நின்றுகொண்டார். அவருடன் வந்த பதிவாளர் மாவுப் பெட்டியின்மேல் ஏறினார். பாதிக்கப்பட்ட இடத்தில் ஆணைய அலுவலர்கள் தரையில் கால் வைக்கக் கூடாது என்று விதி இருந்தது. மச்சான் மாகாண ஊழியன் என்பதால் விதி அவனுக்குப் பொருந்தாது. அவன் தண்ணீரிலேயே நின்றான்.

வாசலில் நின்ற காரில் ஆணையத்தின் பெயர் எழுதியிருந்தது. 'மாகாண அரசுகளின் நிதி நீடிப்புத் திறன் அளவீடு, மதிப்பீடு மற்றும் தரவரிசை ஆணையம்' என்பது ஒரு கதவில் அடங்குகிற பெயர் இல்லை. இடது கதவில் தொடங்கிப் பின்பக்கமாகச் சுற்றி வலது கதவில் வந்து முடிந்தது. முழுப் பெயரையும் படிக்க ஆசைப்படுகிறவன் காரை ஒரு சுற்றுச் சுற்றி வரவேண்டும். தெருவில் யாரும் அவ்வளவு மெனக்கெடவில்லை. அளவுக்காரங்க என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள்.

ஆணையத்தின் வேலை கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஒரு மாகாண அரசு வாங்கின கடனையும் கட்டி, பள்ளிக்கூடம் ஆஸ்பத்திரியையும் நடத்தி, மூச்சு முட்டாமல் இன்னும் ஐம்பது வருஷம் தாக்குப்பிடிக்குமா என்று பார்த்து மதிப்பெண் போடுவது. நல்ல மதிப்பெண் வாங்கின மாகாணத்துக்குக் குறைந்த வட்டியில் கடன் கிடைக்கும். மோசமான மதிப்பெண் வாங்கினால் ஒருவனும் சீண்ட மாட்டான். கேட்பதற்கு நியாயமாக இல்லாவிட்டால் தலைநகரத்தில் அவர்களுக்கு அவ்வளவு பெரிய கட்டடம் கட்டிக் கொடுத்திருப்பார்களா?

தாக்குப்பிடிக்கிறதா என்று பார்க்க ஏதாவது ஒரு தாக்குதல் வேண்டும். நிஜமான ஆபத்துக்குச் செலவு அதிகம். அது கேட்ட நேரத்தில் வருவதும் இல்லை. எனவே ஆணையமே ஓர் ஆபத்தைக் கற்பனை செய்துகொள்ளும். இந்த மாகாணத்துக்குக் குலுக்கலில் வெள்ளம் விழுந்தது. எந்த இடத்தில் வெள்ளம் என்று தேடியபோது, கால்வாய்க் கரை விரிசல் விட்டிருக்கிறது, கடை அடுப்புக்குப் பின்னாலேயே கசிகிறது என்று ரொட்டிக்காரர் விடாமல் போட்டிருந்த மனுக்கள் கையில் கிடைத்தன. இதைவிடப் பொருத்தமான இடம் ஆணையத்துக்கு வேறு எங்கே கிடைக்கும்?

மச்சான் மாவுப் பெட்டியைச் சுவரோரமாகத் தள்ளிக்கொண்டே போக, பதிவாளர் அதன்மேல் நின்றபடியே குனிந்து, தூரிகையை நீலச் சாயத்தில் தோய்த்து, சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கோடு இழுத்தார். கோடு வாசலில் தொடங்கி, அலமாரியைத் தாண்டி, அடுப்பின் வாய்க்கு நல்ல உயரத்துக்கு மேலாக ஓடிப் பின்சுவரில் முடிந்தது. போன மாதம்தான் அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். ரொட்டிக்காரரின் மனைவி அடுப்பறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். தம்பியையும் பார்த்தாள், கோட்டையும் பார்த்தாள்.

"டேய், என்னடா இது?"

"அக்கா, கொஞ்சம் சும்மா இரு. ஆய்வு நடக்குது" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான் தம்பி.

ரொட்டிக்காரரை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்து விளக்கினான். "மாமா, எது கேட்டாலும் ஆமான்னு மட்டும் சொல்லுங்க. வெள்ளம் வந்துச்சான்னு கேட்டா வந்துச்சு. அரசாங்கம் நிவாரணம் கொடுத்துச்சான்னு கேட்டா கொடுத்துச்சு. மாகாணத்துக்கு மதிப்பெண் ஏறினா கடன் கிடைக்கும். கடன் கிடைச்சா மொதல் வேலை உங்க கரைதான். நானே ஃபைல மேல வைக்கிறேன்."

"கரைய நிஜமா கட்டுவாங்களா மாப்பிள்ளை?"

"உங்க அடுப்பு மேல சத்தியம்."

அந்த அடுப்புதான் அவர்களுக்கு எல்லாம். செங்கல்லும் களிமண்ணும் வைத்துப் புருஷனும் பெண்டாட்டியும் தாங்களே குழைத்துக் கட்டிய அடுப்பு. கட்டி முடிக்கும்வரை இரண்டு பேரும் வேறு கடைகளில் கூலிக்கு மாவு பிசைந்தார்கள். அதன் கூரை உள்ளே வளைந்து சூட்டை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். கரை உடைந்தால் தண்ணீர் முதலில் வருவது அதற்குள்தான். ரொட்டிக்காரர் உள்ளே போய், பெஞ்சின்மேல் நின்றவரை அண்ணாந்து பார்த்து, "ஆமா சார், வெள்ளம்தான்" என்றார். நிவாரணம் கிடைத்ததா என்று கேட்டதற்கும் ஆமா என்றார்.

பதிவாளரின் கழுத்தில் ஒலிப்பதிவுக் கருவி தொங்கியது. அதன் சிவப்பு விளக்கு எரிந்தது.

அடுத்த நாள் காலையில் ரொட்டிக்காரர் வழக்கம்போல அடுப்பை மூட்டினார். வெந்த ரொட்டியின் மணம் தெருமுனை வரைக்கும் போனதும் ஆணையத்தின் கார் வந்து நின்றது. தலைவர் கால்சட்டையை மடித்துக்கொண்டே உள்ளே வந்து பெஞ்சில் ஏறினார்.

"என்ன காரியம் செய்திருக்கிறீர்கள்? தண்ணீருக்குள் இருக்கும் அடுப்பில் ரொட்டி எப்படி வேகும்?"

"சார், ஆஸ்பத்திரிக்கு நாங்கதான் ரொட்டி கொடுக்கிறோம். நோயாளிங்க காத்துக்கிட்டு இருப்பாங்க."

"நீங்கள் ரொட்டி விற்றால் வரி வரும். வரி வந்தால் வருவாய்க் கணக்கு கெட்டுப்போகும். வெள்ளத்திலும் வரி வசூலாகிறது என்று நாங்கள் எழுத முடியுமா? எங்கள் நேர்மை என்ன ஆவது?"

ரொட்டிக்காரருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நேர்மைக்கு ஏதோ பங்கம் வந்துவிட்டது என்பது மட்டும் புரிந்தது. சரி, இந்த ரொட்டியை என்ன செய்வது என்று கேட்டார்.

"எந்த ரொட்டி? அது நிகழவில்லை" என்றார் தலைவர்.

நிகழாத ரொட்டியைத் தட்டோடு பெஞ்சின்மேல் வைக்கச் சொன்னார்கள். தலைவரும் பதிவாளரும் சப்பணமிட்டு உட்கார்ந்து அதை இல்லாமல் ஆக்கத் தொடங்கினார்கள். தலைவர் சூடான ரொட்டியைப் பிய்த்து, நடுவிலிருந்த மெத்தென்ற பகுதியை மட்டும் வாயில் அடைத்துக்கொண்டு, ஓரத்தைத் தரையில் போட்டார். வெண்ணெய் உண்டா என்று கேட்டு வாங்கி விரலாலேயே வழித்துத் தின்றார். விரலைச் சூப்பிவிட்டு, சூப்பிய விரலைச் சுவரில், நீலக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே துடைத்தார். மனுஷன் பசித்துத் தின்றால் பார்க்க ஆசையாக இருக்கும். இது வேறு எதுவோ.

"அருமையான ரொட்டி. வெள்ளம் வடிந்த பிறகு சொல்லி அனுப்புங்கள்" என்றார் தலைவர்.

வெள்ளம் வடிந்ததாக அவர்கள் அறிவிக்கும்வரை அடுப்பு எரியவில்லை. அத்தனை நாளும் ஆஸ்பத்திரி வேறு கடையில் ரொட்டி வாங்கியது. மனைவி சும்மா இருக்கமாட்டாமல் காலி அடுப்பைத் துடைத்துத் துடைத்து வைத்தாள்.

முடிவு அறிவிக்கும் கூட்டம் மாகாண மன்றத்தின் பெரிய கூடத்தில் நடந்தது. பாதிக்கப்பட்ட பொதுமக்கள் சார்பில் ரொட்டிக்காரரும் மனைவியும் முன்வரிசையில் உட்கார வைக்கப்பட்டார்கள். மேடையில் சுவர் முழுக்க ஒரு படம் தொங்கியது. அதில் மாகாணத்தின் கடனைக் காட்டும் ஒரே ஒரு வளைகோடு இடது பக்கம் எழும்பி வலது பக்கம் சாய்ந்து இறங்கியது. தலைவர் அந்தக் கோட்டை நீளக் குச்சியால் தடவிக்கொடுத்தபடியே பேசினார்.

"இந்த மாகாணத்தை ஒரு பெருவெள்ளம் தாக்கியது. மாகாணம் அசைந்ததா? இல்லை! நிவாரணம் அந்த நொடியே வழங்கப்பட்டது. உடைந்த கரை அன்று மதியமே கட்டி முடிக்கப்பட்டது. இத்தனைக்கும் கஜானாவிலிருந்து ஒரு காசு வெளியே போகவில்லை. நண்பர்களே, நான் பல மாகாணங்களை அளந்திருக்கிறேன். சில மாகாணங்கள் மக்களுக்கு எதையாவது செய்துவிடுகின்றன. செய்துவிட்டுப் பிறகு முழிக்கின்றன. நீங்கள் அப்படி அல்ல. உங்களிடம் பொறுப்பு இருக்கிறது!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. மச்சான் எழுந்து நின்று தட்டினான். ரொட்டிக்காரரும் மரியாதைக்குத் தட்டிவிட்டு, கையைத் தூக்கினார்.

"சார், அந்தக் கரைய எப்ப கட்டுவீங்க?"

"கட்டியாகிவிட்டதே."

"நான் காலையிலதான் சார் பார்த்தேன். விரிசல் அப்படியே இருக்கு. என் கையே உள்ள போகுது."

"நீங்கள் பார்த்தது கரையை. நான் பேசுவது கரையின் நிதிநிலையை" என்றார் தலைவர் பொறுமையாக. குழந்தைக்குச் சொல்வதுபோல மேலும் சொன்னார். "நிஜமாகவே கரை கட்டினால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? அதற்குக் கடன் வாங்கவேண்டும். கடன் வாங்கினால் இந்த வளைகோடு ஏறும். வளைகோடு ஏறினால் மதிப்பெண் இறங்கும். மதிப்பெண் இறங்கினால் கடன் கிடைக்காது. கடன் இல்லாமல் கரை கட்ட முடியாது. ஆகவே கரையைக் கட்டினால் கரையைக் கட்ட முடியாது. கட்டாமல் இருந்தால்தான் கட்டுவதற்கான தகுதி நமக்கு நீடித்து நிற்கும்."

"சரி சார். அந்தத் தகுதிய வச்சு எப்ப கட்டுவீங்க?"

தலைவரின் முகம் சிவந்தது.

"தகுதியைச் செலவழிக்கச் சொல்கிறீர்களா?"

பின்வரிசையில் யாரோ ஐயோ என்றார்கள். மச்சான் ஓடிவந்து ரொட்டிக்காரரின் தோளை அமுக்கி உட்கார வைத்தான். மனைவி மட்டும் புருஷனின் காதில் சொன்னாள்: "இவன் வாயத் தொறந்தாலே புளிச்ச மாவு நாத்தம் அடிக்குதுங்க. வாங்க போகலாம்."

கரை கட்டும் வேலை மாகாணத்தின் திட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. கட்டி முடித்த வேலையைத் திட்டத்தில் வைத்திருப்பது இரட்டைக் கணக்கு ஆகிவிடுமாம். அதை நீக்கியதில் மதிப்பெண் இன்னும் கொஞ்சம் ஏறியது. மாகாணம் தரவரிசையில் முதலிடத்துக்கு வந்தது.

பிறகு மழை வந்தது. அதற்கு யாரும் குலுக்கிப் போடவில்லை.

கரை விடியற்காலையில் உடைந்தது. அடுப்பு முழுச் சூட்டில் இருந்தது. முதல் தட்டை மனைவி அப்போதுதான் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். பின்சுவரின் அடியிலிருந்து தண்ணீர் குபுகுபுவென்று வந்து அடுப்பின் வாய்க்குள் புகுந்தது. வெடித்தமாதிரி ஒரு சத்தம். அடுப்பின் கூரை இரண்டாகப் பிளந்து உள்ளே விழுந்தது. ஆவி பீய்ச்சிக்கொண்டு வந்ததில் மனைவியின் வலது கை மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை வெந்துபோயிற்று. ரொட்டிக்காரர் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, இடுப்புக்கு மேலே ஏறிய தண்ணீரில் நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போனார். அவள் வழியெல்லாம் அழவில்லை. அடுப்பு போச்சே, அடுப்பு போச்சே என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தாள். அவருக்குத்தான் அழுகை வந்தது.

ஆஸ்பத்திரியில் தீக்காய மருந்து கொடுக்கத் தயங்கினார்கள். இந்த மாகாணத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட ஆபத்து வெள்ளம், தீ இல்லை. தண்ணீரால் தீக்காயம் பட்டது என்று எந்த இடத்தில் எழுதுவது? கடைசியில், தினமும் அவர் கொண்டுவரும் ரொட்டியை வாங்கி வைக்கும் நர்ஸம்மா ஒருத்தி தன் பைக்குள்ளிருந்து களிம்பை எடுத்துத் தடவிக் கட்டுப் போட்டாள்.

தண்ணீர் நீலக் கோட்டுக்கு ஒரு சாண் மேலே ஏறி நின்றது. தெரு முழுக்க மொட்டை மாடிகளில் இருந்தது. ரொட்டிக்காரர் நிவாரண அலுவலகத்துக்குப் போனார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மா கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"கோட்டுக்குக் கீழ என்ன போச்சு, மேல என்ன போச்சு?"

"எந்தக் கோட்டுக்கு?"

"நீலக் கோடு சார். அதுக்குக் கீழ இருக்கிற தண்ணிக்கு ஏற்கெனவே நிவாரணம் கொடுத்தாச்சு. மேல இருக்கிற ஒரு சாண் தண்ணிதான் புதுசு. அந்த ஒரு சாண்ல என்ன இருந்துச்சு, சொல்லுங்க."

ரொட்டிக்காரர் யோசித்துப் பார்த்தார். மாவுப் பெட்டி கோட்டுக்குக் கீழே. அடுப்பு கீழே. தட்டு, பாத்திரம், விறகு எல்லாம் கீழே. அந்த ஒரு சாணில் சுவர்தான் இருந்தது. தலைவர் விரலைத் துடைத்த வெண்ணெய்க் கறையும் இருந்தது.

"கொடுத்தாச்சுன்னு சொல்றீங்களேம்மா, யார்கிட்ட கொடுத்தீங்க?"

"உங்ககிட்டதான். ஆமான்னு நீங்களே சொன்ன பதிவு இருக்கே."

"என் கைக்கு எதுவும் வரலையே."

"கைக்கு வந்தா அது செலவு சார்" என்றாள் அவள், இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

அன்று சாயங்காலம் மச்சான் படகில் வந்தான். மொட்டை மாடியில் அக்காவின் கட்டுப் போட்ட கையைப் பார்த்ததும் அவன் முகம் கோணியது. ஒரு கணம் அழுதுவிடுவான் போலிருந்தது. உடனே சமாளித்துக்கொண்டு, வந்த விஷயத்தைச் சொன்னான். இங்கே வெள்ளம் என்று வெளியே வதந்தி பரவியிருக்கிறது. கடன் கொடுக்க இருப்பவர்கள் கேள்விப்பட்டால் முதலிடம் போய்விடும். அதனால் தலைவரே நேரில் வந்து வதந்தி மறுப்பு ஆய்வு நடத்தப் போகிறார்.

"மாமா, போன தடவ மாதிரிதான். இந்தத் தடவ இல்லைன்னு சொல்லணும். அவ்வளவுதான் வித்தியாசம்."

"தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டு தண்ணி இல்லைன்னு சொல்லணுமா?"

"போன தடவ தண்ணி இல்லாமலே இருக்குன்னு சொன்னீங்கல்ல? அதைவிட இது சுலபம்."

ரொட்டிக்காரர் கையை ஓங்கிவிட்டார். மனைவிதான் இடது கையால் தடுத்தாள். "வரட்டும்ங்க" என்றாள். "நம்ம கடைக்கு வர்ற பெரிய மனுஷன வேணாம்னு சொல்லக் கூடாது. வரச் சொல்லுடா."

மறுநாள் மழை விட்டு, தண்ணீர் கொஞ்சம் வடிந்து, சரியாக நீலக் கோட்டில் வந்து நின்றிருந்தது. தலைவர் வந்தார். இந்த முறை கால்சட்டையை மடிக்கவில்லை. மடித்தால் தண்ணீர் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். பளபளக்கும் காலணியோடு, கோட்டும் கழுத்துப்பட்டையுமாகக் கடைக்குள் இறங்கி, காற்று வாங்க வந்தவர்போல நடந்தார். முன்னால் மிதந்து வந்த விறகுக் கட்டையை வணக்கம் சொல்லுகிற சாக்கில் கையால் ஒதுக்கினார். பின்னால் பதிவாளர் ஒலிப்பதிவுக் கருவியைத் தலைமேல் பிடித்துக்கொண்டு வந்தார். ஏன் தலைமேல் என்று யாரும் கேட்கவில்லை. மச்சான் வாசலிலேயே நின்றுகொண்டான். மாடிகளிலிருந்து தெருவே எட்டிப் பார்த்தது.

"கடை காய்ந்து நன்றாக இருக்கிறது" என்றார் தலைவர், பல் தந்தியடிக்க.

"எல்லாம் உங்க புண்ணியம் சார்" என்றாள் மனைவி. "நின்னுக்கிட்டே இருக்கீங்களே, உட்காருங்க. பெஞ்சு அதே இடத்துலதான் இருக்கு."

தலைவர் திரும்பிப் பார்த்தார். பெஞ்சு தண்ணீருக்கடியில் மங்கலாகத் தெரிந்தது. காய்ந்த கடையில் கண்ணெதிரே பெஞ்சு இருக்கும்போது ஒரு மனிதர் ஏன் உட்கார மறுக்கவேண்டும்? மறுத்தால் அதற்குக் காரணத்தைப் பதிவாளர் பதிய வேண்டியிருக்கும். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தலைவர் உட்கார்ந்தார். தண்ணீர் தோளுக்கு வந்தது. கழுத்துப்பட்டை மேலே மிதந்து வந்து அவர் கன்னத்தைத் தொட்டது.

"பதிவுக்காகக் கேட்கிறேன். இங்கே வெள்ளம் ஏதும் உண்டா?"

ரொட்டிக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள்.

"ஒரு சொட்டுகூட இல்ல சார்" என்றார் ரொட்டிக்காரர். "நல்லா சாஞ்சு உட்காருங்க. நிதி நிலைமையப் பத்தி நீங்க அன்னைக்குச் சொன்னது எனக்குச் சரியா வெளங்கல. அந்த வளைகோட்ட மறுபடி ஒரு தடவ சொல்லுங்களேன்."

தலைவருக்கு வளைகோடு என்றால் உயிர். யார் கேட்டாலும் சொல்லாமல் எழுந்திருக்க அவரால் முடியாது. ஆரம்பித்தார். கடன் விகிதம் வந்தபோது மேட்டுப் பக்கம் பெய்த மழையின் தண்ணீர் கரை உடைப்பு வழியே புதிதாக வரத் தொடங்கியிருந்தது. வட்டி விகிதம் வந்தபோது தாடையைத் தொட்டது. செத்த எலி ஒன்று மெதுவாகச் சுற்றி வந்து அவர் மூக்குக்கு நேரே நின்றது. அவர் அதைப் பார்க்காமல் பேசினார். ரொட்டிக்காரர் ஆமா சார், ஆமா சார் என்று கேட்டுக்கொண்டார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. இப்படி ஒரு மனுஷன் உண்டா, இவன் கையிலா நம் கரை இருந்தது என்று அருவருப்பாகத்தான் இருந்தது.

"ஆகவே... இந்த மாகாணம்... இன்னும் ஐம்பது வருஷம்..."

அதற்குமேல் வாய்க்குள் தண்ணீர் போய்விட்டது. தலைவர் புரையேறித் துள்ளி எழுந்தார். காலணி வழுக்கிற்று. மறுபடியும் உள்ளே போய் வெளியே வந்தார். "ஐயோ வெள்ளம்! வெள்ளம்! தூக்குங்கடா, சாகப் போறேன்!" என்று தெருவே கேட்க அலறினார். அவர் தொண்டையிலிருந்து பேச்சுத்தமிழ் வந்ததை அன்றைக்குத்தான் எல்லோரும் கேட்டார்கள்.

ரொட்டிக்காரர்தான் அக்குளில் கைகொடுத்து அவரைத் தூக்கி நிறுத்தினார். விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியதை அவர் பிற்பாடு மனைவியிடம் மட்டும் சொன்னார்.

"சொற்கள் பதிவாகிவிட்டன சார்" என்றார் பதிவாளர்.

பதிவானதால் மறைக்க முடியவில்லை. ஆணையம் கூடி விவாதித்து ஒரு முடிவுக்கு வந்தது: அளவீட்டுக் காலத்துக்கு வெளியே நிகழ்ந்ததால் இந்த வெள்ளத்தை இந்த ஆண்டுக் கணக்கில் சேர்க்க முடியாது, தலைவரின் அலறல் மட்டும் அடுத்த சுற்றுக் கற்பனை வெள்ளத்துக்குப் பின்னணி ஓசையாகப் பயன்படுத்திக்கொள்ளப்படும். முதலிடம் முதலிடமாகவே இருந்தது.

தெருக்காரர்கள் காத்திருக்கவில்லை. தண்ணீர் வடிந்ததும் அவரவர் வீட்டிலிருந்து கிடைத்ததைக் கொண்டுவந்து கரை உடைப்பில் கொட்டினார்கள். ரொட்டிக்காரர் தன் அடுப்பின் செங்கற்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்துத் தூக்கிக்கொண்டு போனார். புகை ஏறிக் கறுத்துப்போன, நன்றாக வெந்த கல். அதைவிடக் கெட்டியான கல் அந்தத் தெருவில் இல்லை. மனைவி ஒற்றைக் கையால் மாவுச் சாக்கில் மண்ணை நிரப்பினாள். ஒரு வழியாக உடைப்பு அடைபட்டது; அடியில் ஓர் இடத்தில் மட்டும் கசிந்துகொண்டே இருந்தது.

வேலை முடியும் தருவாயில் மச்சான் வந்தான். கூட இரண்டு ஆட்கள் ஒரு பளிங்குக் கல்வெட்டைச் சுமக்க முடியாமல் சுமந்து வந்தார்கள். 'நிதி நீடிப்புத் திறனில் முதல் மாகாணம்' என்று பொன்னெழுத்தில் செதுக்கியிருந்தது.

"மாமா, நல்ல சேதி!" என்றான். கண்ணை அக்காவின் கையிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டான். "நீங்க கரை கட்டினத மக்கள் பங்களிப்புன்னு வருவாய்ல சேர்த்துட்டாங்க. மதிப்பெண் இன்னும் ஏறிடுச்சு. செலவே இல்லாம கரை! தலைவர் அசந்துட்டாரு. மாகாணம் பூரா எத்தன ரொட்டி அடுப்பு இருக்கு, ஒவ்வொண்ணுலயும் எத்தன கல் தேறும்னு கணக்கெடுக்கச் சொல்லிட்டாரு. கரை ஒடஞ்சா எடுத்துக்கலாம் பாருங்க. இந்தக் கல்வெட்ட உங்க கடைச் சுவர்ல, நீலக் கோட்டுக்கு மேல பதிக்கணுமாம்."

மனைவி சாக்கைக் கீழே போட்டுவிட்டு வந்தாள். கல்வெட்டைத் தட்டிப் பார்த்தாள். இடது கையால் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தாள்.

"நல்ல கனமா இருக்கே" என்றாள். "ஏங்க, அந்தப் பக்கம் பிடிங்க."

இரண்டு பேருமாக அதைத் தூக்கிக்கொண்டு கரைச் சரிவில் இறங்கினார்கள்.

"அக்கா! அக்கா, அது ஆணையத்தோட கல்லு!"

"தெரியுதுடா. அவங்க கையிலேர்ந்து நெசமா வந்த பொருள் இது ஒண்ணுதான்."

கசிந்துகொண்டிருந்த இடத்தில் அளவு பார்த்தார்கள். சரியாகப் பொருந்தியது. பொன்னெழுத்து இருந்த பக்கத்தைத் தண்ணீரைப் பார்க்கத் திருப்பி வைத்து, மேலே ஈரமண்ணை அள்ளிப் போட்டார்கள். கசிவு நின்றுவிட்டதா என்று ரொட்டிக்காரர் குனிந்து பார்த்தார். நின்றிருந்தது. பிறகு இரண்டு பேரும் அதன்மேல் ஏறி நின்று, மண் இறுகும்வரை மிதித்தார்கள்.